பெருந்தீ என்று பேர் வாங்கியவள்

அந்தத் தீயணைப்பு நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு தடவையாவது திடுக்கிட்டு நின்றுவிடுவார்கள். வண்டிக் கொட்டகையில் குழாயை உலர்த்திக்கொண்டிருக்கும் ஒருவர் உள்ளே பார்த்து, "பெருந்தீ சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். "பெருந்தீக்குத் தலைவலியாம்ப்பா, ரேடியோவைக் குறை" என்று இன்னொருவர் அதட்டுவார். வந்தவர் வாசலை எட்டிப் பார்க்கும் நேரத்தில், தொலைபேசி அறையிலிருந்து ஒல்லியான ஒரு பெண், கையில் காலி டீ டம்ளரோடு, யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல் சுவரோரமாக நடந்து வருவாள்.

அவள்தான் பெருந்தீ.

ஆளுக்கும் பேருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்க மாட்டாள். பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்தால் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவர்களோடு இறங்கித் திரும்பி நடந்து வருவாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா படுக்கையில் விழுந்ததால் விட்டாள் என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்ததும் உண்மைதான்.

ஆனால் தொலைபேசியில் அவள் வேறு ஆள். எதிரே முகம் இல்லாவிட்டால் பேச்சு தண்ணீர் மாதிரி வரும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை நம்பி, ஆளைப் பார்க்காமலே மூட்டை மூட்டையாகச் சரக்கு அனுப்பிய வியாபாரிகள் உண்டு.

இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தது கொழுந்தன். அவன் அந்த நிலையத்திலேயே தீயணைப்பு வீரன். அண்ணன் வீட்டிலேயே இருந்தான். கல்யாணப் பேச்சு எடுத்தால், "எனக்கு இங்க ஒரு நாளைக்கு எத்தனை பேர் சத்தம் போடறாங்க, அது பத்தாதா?" என்பான். எதையும் கேலியாக மட்டுமே பேசத் தெரிந்தவன்.

"அண்ணி, உங்களுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச வேலை. போன் பண்றவன் எவனும் உங்களைப் பாக்க மாட்டான். எல்லாம் ஓடிக்கிட்டே பேசறவனுங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தையல்காரர். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும் என்பதால் பெரும்பாலும் தலையாலேயே பேசுவார். அன்றும் ஒரு தலையாட்டல். சேர்ந்துவிட்டாள்.

நிலைய அதிகாரி கறாரானவர், கெட்டவர் இல்லை. முதல் நாளே அவளுக்கு எதிரே உட்கார்ந்து, வயர்லெஸ் மைக்கைக் காட்டினார்.

"இதுல பேசறது நம்ம வண்டிக்கு மட்டும் இல்லம்மா, பக்கத்து ஊர் ஸ்டேஷன் எல்லாத்துக்கும் கேக்கும். அதனால சொந்தமா எதுவும் சேக்கக் கூடாது. போன்ல என்ன கேக்கறியோ அதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

அவள் தலையாட்டினாள். அதிகாரி இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை அல்லவா, அந்த மாதிரி அது அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது.

சொல்லாமல் விட்டது இதுதான். தீ, நெருப்பு, புகை, எரிகிறது, பற்றிக்கொண்டது என்று எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் மைக்கில் சொல்லலாம். 'பெருந்தீ' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று சொல்ல முடியாது. தீக்கு முன்னால் நிற்கிறவர்களில் பொறுப்பாக இருப்பவர்தான் அதைச் சொல்லலாம். அது மைக்கில் விழுந்த மாத்திரத்தில் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வண்டிகள் ஏன் எதற்கு என்று கேட்காமல் கிளம்பிவிடும். சாலையை மறிப்பார்கள். மருத்துவமனையில் கட்டில் ஒழிப்பார்கள். அந்தப் பகுதி முழுக்க மின்சாரம் போகும். மற்றவர்களுக்கு அது ஒரு சொல். இவர்களுக்கு அது ஓர் உத்தரவு.

வேலைக்குச் சேர்ந்து சூடு ஆறுவதற்குள், ஒரு மத்தியானம், ஓர் ஆண்குரல் அழைத்தது. கணீரென்ற குரல். பேசியவர், கடைகளுக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி விளம்பரம் சொல்லிக்கொண்டு போகிறவர். முப்பது சதவீதத் தள்ளுபடியைச் சொல்லும் அதே ராகத்தில் சொன்னார்.

"வணக்கம்! திரையரங்கின் பின்புறத்தில் பெருந்தீ! பெருந்தீ! கொழுந்துவிட்டுப் பரவிக்கொண்டிருக்கிறது! உடனடியாக வருகை தாருங்கள்!"

அவள் மைக்கை எடுத்தாள். ஒரு வார்த்தை கூடாமல், ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள். "வருகை தாருங்கள்" என்பதையும் விடவில்லை.

சொந்த வண்டிகள் சீறிக்கொண்டு போனது அவளுக்குத் தெரியும். பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டிகள் வந்துகொண்டிருப்பது தெரியாது. திரையரங்கின் பின்னால் எரிந்துகொண்டிருந்தது ஒரு குப்பைமேடு. கிழிந்த சுவரொட்டிகள், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, கசங்கிய பாப்கார்ன் பைகள். ஒரு வண்டியே அதிகம். அந்தச் சந்துக்குள் ஐந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றன. விளம்பரக்காரர் ஆட்டோவிலிருந்தபடியே, "வருகை தந்திருக்கும் வீரர்களே, வலதுபுறமாக வாருங்கள்" என்று வழிகாட்டிக்கொண்டிருந்தாராம்.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். அந்த நேரத்தில் ஊரின் மறுகோடியிலிருந்து இன்னோர் அழைப்பு வந்தது. ஒரு பெண். சமையலறைத் திரையில் பற்றிக்கொண்டது, வாருங்கள் என்றாள். கொட்டகை காலியாகக் கிடந்தது. பக்கத்து ஊர்க் கொட்டகைகளும் காலி.

"வண்டி இல்லைம்மா" என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது.

"என்னங்க சொல்றீங்க? தீயணைப்பு ஆபீஸ்தானே?"

"ஆமாம்மா. வண்டி இல்ல."

அக்கம்பக்கத்தார் ஈரப் போர்வையைப் போட்டு அமுக்கிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு கை வெந்துபோனது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் "தீயணைப்பு ஆபீஸ்தானே?" என்று அவள் கேட்டது இவள் காதிலிருந்து போகவே இல்லை.

அதிகாரி சத்தம் போட்டார். பிறகு, தான் சொல்லாமல் விட்டதும் உறைத்திருக்க வேண்டும், குரலை இறக்கினார்.

"இன்னொரு தடவை காரணமில்லாம அந்த வார்த்தை இந்த ரூம்லேருந்து வெளிய போச்சுன்னா, இந்த நாற்காலி உனக்கு இல்ல. எனக்கும் இல்ல. புரியுதா?"

புரிந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு ஏற்பாடும் செய்தார். யார் எங்கே பெருந்தீ என்று சொன்னாலும், வருகிற வெளியூர் வண்டிகளில் ஒன்று தீயை நோக்கிப் போகாமல் நேராக இந்தக் காலிக் கொட்டகைக்கு வந்து நிற்க வேண்டும். அந்த வெந்த கையால் வந்த ஏற்பாடு அது.

பேர் வைத்தது கொழுந்தன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே, "பெருந்தீ அண்ணி, கொஞ்சம் குழம்பு ஊத்துங்க. மெதுவா, சந்துக்குள்ள மாட்டிக்கப் போறீங்க" என்றான். மறுநாள் நிலையம் முழுக்கப் பரவியது. ஒரே ஒரு கட்டுப்பாடு. மைக் பக்கத்தில் மட்டும் யாரும் அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

அவளோ அந்தச் சொல்லையே வாயிலிருந்து துரத்திவிட்டாள். காலையில் புருஷனுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டும்போது அது வந்தால் "அது" என்பாள். "நேத்து பஞ்சு மில்லுல அது வந்துச்சாம்." தையல்காரர் குண்டூசிகளுக்கு நடுவே சிரித்து, ஒரு தடவை உதட்டில் குத்திக்கொண்டார்.

வாயால் சொல்லாத சொல், மனசுக்குள் உட்கார்ந்துகொண்டு குடையத் தொடங்கியது. தீ எப்போது பெருந்தீ ஆகிறது? எந்த இடத்தில் அந்தக் கோடு? மரம் அளவு எரிந்தாலா, வீடு அளவு எரிந்தாலா? ஆள் செத்தால்தானா? அவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. பயம் ஒரு காரணம். ஆனால் பயத்தைவிட ஆசை அதிகம். பூட்டிய பெட்டியை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு வரும் ஆசை.

நேரே கேட்கக் கூச்சம். டீ கொடுக்கும் சாக்கில் ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

வண்டி ஓட்டுநர் டீயை ஊதிக்கொண்டே, "நான் வண்டிய கிட்டக்க கொண்டு போக முடியாம, சூடு தாங்காம, ரிவர்ஸ் எடுத்தேன்னு வெச்சுக்க. அது அதுதான்" என்றார்.

பம்பு பார்க்கிறவர் ரொம்ப நேரம் யோசித்தார். "தண்ணி அடிச்சா கீழ விழணும், ஓடணும், நம்ம காலு நனையணும். அடிக்கற தண்ணி எங்க போகுதுன்னே தெரியலைன்னா, தரை காஞ்சே கிடந்துச்சுன்னா, அதுதான்."

காலையில் செய்தி கேட்டுத் தொலைபேசும் பத்திரிகைக்காரர் யோசிக்கவே இல்லை. "முதல் பக்கத்துல வந்தா அது பெருந்தீக்கா. உள்பக்கம் போனா தீ. நேத்து நீங்க குடுத்த வைக்கோல் வண்டியைக்கூடப் பெருந்தீன்னுதான் போட்டேன், இடம் நெறைய காலியா இருந்துச்சு."

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் எதற்கோ வந்து காத்திருந்தார். அவரிடம் கேட்டபோது, "எங்க ஆபீஸ்ல அதுக்கு விளக்கம் பக்கம் பக்கமா இருக்குங்க" என்றார். என்ன விளக்கம் என்றதற்கு, "அதை முழுசாப் படிச்சவங்க யாரையும் நான் பாத்ததில்ல" என்று சிரித்தார்.

அதிகாரியிடம் கேட்டாள். "நான் சொன்னா அது" என்றார், தலை நிமிராமல்.

கொழுந்தனிடம் கேட்கவில்லை. அவனே வந்து சொன்னான். "எல்லார்கிட்டயும் கேக்கறீங்களாமே? கண்ணாடியப் பாருங்க அண்ணி, தெரியும்."

பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அவள் கேட்பதை விட்டுவிட்டு, காதை மட்டும் தீட்டிக்கொண்டாள். அழைக்கிறவர்களைக் கவனிக்கத் தொடங்கினாள். கவனிக்கக் கவனிக்க ஒன்று பிடிபட்டது. பயங்கரத் தீ, மாபெரும் தீ, ஊரே எரிகிறது என்று கத்துகிறவர்கள் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள். யாருடைய வீடு எரிகிறதோ அவர்கள் வாயில் பெரிய சொல்லே வராது. "உங்களுக்குத் தொந்தரவு குடுக்கறேன், கொஞ்சம் வர முடியுமா?" என்று ஒருவர் கேட்டார். அவருடைய மாடி முழுக்க அப்போது எரிந்துகொண்டிருந்தது. ஒரு வயதான ஆள், தன் கடை பெயரைச் சொன்னார், தெருவைச் சொன்னார், அப்புறம் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. இன்னொரு பெண் சொன்னது: "சுவர் சுடுதுங்க." அவ்வளவுதான். தீயும் இல்லை, புகையும் இல்லை. கை வைத்தால் சுடுகிறதாம். வண்டி போய்ப் பார்த்தபோது, பக்கத்துக் கட்டடத்தில் பூட்டிய அறைக்குள் எல்லாம் கரியாகியிருந்தது. கதவைத் திறந்திருந்தால் தெருவே போயிருக்கும் என்றார் ஓட்டுநர்.

அது முதல், சத்தமாகப் பேசுகிறவர்களைவிடச் சத்தம் இல்லாமல் பேசுகிறவர்களுக்கு அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவாள்.

இதற்கிடையே வீட்டில் ஒரு கூத்து. தையல்காரர் கீழ்வீட்டை விட்டுவிட்டு மாடி அறையில் தொழிலை வைத்துக்கொள்ள நினைத்தார். துணி வெட்டும் பெரிய மேசையை மேலே ஏற்ற வேண்டும். தேக்குமேசை, ஆள் நீளத்துக்கு மேல். "இதுக்குப் போய் ஆள் கூப்பிடணுமா? தீக்குள்ளேருந்து சிலிண்டரைத் தூக்கிட்டு வர்றவன் நான்" என்று கொழுந்தன் தனியாகத் தோளைக் கொடுத்தான். படிக்கட்டு திரும்புகிற இடம் வரை ஏற்றிவிட்டான். அங்கே மேசை குறுக்காகச் சிக்கிக்கொண்டது. சுவருக்கும் மேசைக்கும் நடுவே அவனும்.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஒரு கை குடுக்கட்டுமா தம்பி?" என்றார்.

"வேணாங்க, முடிஞ்சிடுச்சு."

"பக்கத்துல ரெண்டு பேர் சும்மாதான் இருக்காங்க, கூப்பிடவா?" என்று அவள் கீழிருந்து கேட்டாள்.

"அண்ணி, நீங்க வேற! இதோ, இப்ப போயிடும்."

போகவில்லை. அவன் வேர்த்து விறுவிறுத்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, கடைசியில் மேசைக்கு அடியில் தவழ்ந்து வெளியே வந்தான். மேசை அங்கேயே நின்றது. தையல்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு தையல் மிஷினையும் அந்தத் திருப்பத்துக்கே கொண்டுவந்து வைத்து, அங்கேயே தைக்க ஆரம்பித்துவிட்டார். துணி கொடுக்க வருகிறவர்கள் பாதி படி ஏறி, அளவு கொடுத்துவிட்டு இறங்கினார்கள். மாடிக்குப் போக வேண்டியவர்கள் மேசைக்கு அடியில் குனிந்து போனார்கள். "நாளைக்கு எடுத்துடறேன்" என்பான் கொழுந்தன். நாளைக்கு என்பது வந்தபாடில்லை.

அவளுக்கு அந்த மேசையைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ பிடிபடுவது போலவும் நழுவுவது போலவும் இருந்தது. மேசை பெரியதா? இல்லை. நாலு பேர் பிடித்தால் பூ மாதிரி போய்விடும். ஓர் ஆளுக்குத்தான் அது பெரிசு. ஒரு நாள் குனிந்து போகும்போது, ஈரத்துணி வாளியோடு, மேசைக்கு அடியிலேயே நின்றுவிட்டாள். பெரிசு என்பது பொருளில் இல்லை. கையில் இருப்பது போதாது என்றால் அதுதான் பெரிசு. ஓட்டுநர் சொன்னதும் பம்பு பார்க்கிறவர் சொன்னதும் வேறு வேறு இல்லை. நான் கொண்டுவந்தது பத்தவில்லை என்பதைத்தான் இரண்டு பேரும் அவரவர் வழியில் சொல்லியிருக்கிறார்கள்.

"அங்க என்ன பண்றே?" என்று மேலேயிருந்து புருஷன் கேட்டார். கேட்பதற்காகக் குண்டூசியை எடுத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல. கண்டுபிடிச்சுட்டேன்."

"எதை?"

"அதை."

அவர் குண்டூசியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.

மெத்தைக் கிடங்கு பற்றிக்கொண்டது ஒரு வெயில் நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து ஊர் அசந்திருந்தபோது. அதிகாரி தலைமை அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். பொறுப்பு கொழுந்தனுக்கு. அதற்குள் அவன் ஒரு குழுவுக்குத் தலைவன் ஆகியிருந்தான். அவன் பெருமை ஒன்று நிலையம் முழுக்கத் தெரியும். எத்தனையோ தீயைப் பார்த்தவன், ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சொல்லி வெளியூர் வண்டியைக் கூப்பிட்டதில்லை. "அதைச் சொல்றதுக்குன்னே எங்க அண்ணி இருக்காங்க. எனக்கெதுக்கு?" என்பான்.

முதல் அழைப்பு கிடங்கின் காவலாளி. "புகை வருதும்மா, பஞ்சு மெத்தை, ஸ்பாஞ்சு எல்லாம் இருக்கு." அவள் அப்படியே சொன்னாள். இரண்டு வண்டிகள் கிளம்பின. போய்ச் சேர்ந்ததும் அவன் குரல் வந்தது.

"முன்பக்கம் பத்தியிருக்கு. ரெண்டு பேர் உள்ள போறாங்க. கட்டுப்பாட்டுலதான் இருக்கு."

அடுத்த அழைப்பு கிடங்குக்குப் பின்தெருவிலிருந்து. மாடியில் காயப்போட்ட துணியில் கறுப்புக் கறுப்பாக ஏதோ விழுகிறதாம். புகார் சொல்லுகிற குரல். அதை அவள் மைக்கில் சொன்னாள். "சரி" என்றான். அதற்கும் பின்னால் இருக்கிற தெருவிலிருந்து ஒருவர், "ஊரே எரியுது, டிவிக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கத்தினார். அதையும் அப்படியே சொன்னாள். வழக்கமாக இப்படி ஒன்றைச் சொன்னால் அவன் மைக்கிலேயே சிரித்துவிடுவான். சிரிக்கவில்லை.

பிறகு ஒரு பெண். தணிந்த குரல். கிடங்கின் பின்சுவரை ஒட்டின வீடு.

"தப்பா நெனைக்காதீங்க. எங்க சுவர் சுடுது."

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "வெளிய வந்துடுங்கம்மா. எல்லாரையும் கூட்டிட்டு, எதிர்த் தெருவுக்குப் போயிடுங்க. கிடங்குப் பக்கத்துக் கதவு எதையும் திறக்க வேணாம்" என்றாள். மைக்கை எடுத்தாள்.

"பின்பக்கத்து வீட்டு அம்மா சொல்றாங்க. சுவர் சுடுது."

பின்னணியில் பம்பின் இரைச்சல், யாரோ இருமுவது.

"நான் முன்னாடி நிக்கறேன் அண்ணி. எனக்குத் தெரியும்."

குரலில் கேலி இல்லை. ஒரு துளிகூட இல்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேலி இல்லாத குரலை அவனிடம் அவள் கேட்டதே கிடையாது. படிக்கட்டில், சுவருக்கும் மேசைக்கும் நடுவே நின்றுகொண்டு "இதோ, இப்ப போயிடும்" என்றானே, அப்போதுகூட இருந்தது.

அவள் விரல் மைக் பொத்தான்மேல் இருந்தது. அந்தச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. அவளே சொல்லிவிடலாம். சொன்னால் வண்டிகள் வந்துவிடும். கூட்டத்தில் இருக்கும் அதிகாரிக்கும் கேட்கும். சொல்லி, அங்கே ஒன்றுமில்லை என்றால், நாற்காலி போகட்டும், ஊரின் இன்னொரு மூலையில் இன்னொரு கை வேகும். சொல்லாவிட்டால், உள்ளே போன இரண்டு பேரும் அவனும். சாப்பிடும்போது முதல் கவளத்தை எடுத்தபடியே பேச ஆரம்பிக்கிற அந்த வாய்.

தீக்கு முன்னால் நிற்பது அவள் இல்லை. அதனால் அதைச் சொல்ல வேண்டியதும் அவள் இல்லை. ஆனால் கேட்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க காலு நனைஞ்சிருக்கா?"

"என்ன?"

"அடிக்கற தண்ணி தரையில ஓடுதா?"

இரைச்சல். "இல்ல."

"கையில இருக்கிறது போதுமா?"

இந்தத் தடவை இரைச்சல்கூடத் தள்ளிப் போனது போலிருந்தது. அவன் மைக்கை வாயிலிருந்து விலக்கிவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. சுற்றுப்பட்ட ஊர் நிலையங்களில் எல்லாரும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. அத்தனை பேர் நடுவே பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற கூச்சம் மட்டும், எங்கே போனதோ, வரவில்லை.

"போதாது அண்ணி" என்றான்.

"அப்ப சொல்லுங்க."

"நீங்களே..."

"நான் சொல்லக் கூடாது. நீங்கதான்."

அவன் இருமினான். இருமலா, அழுகையா, அந்த நேரத்திலும் ஒரு சிரிப்பா, அவளுக்கு இன்றுவரைக்கும் புரியவில்லை.

"மெத்தைக் கிடங்கு. பெருந்தீ. உள்ள போனவங்கள வெளிய கூப்பிடறேன். எல்லாரும் வாங்க. பெருந்தீ."

அவள் பொத்தானை அழுத்தினாள். ஒரு வார்த்தை கூடாமல், ஒரு வார்த்தை குறையாமல் திருப்பிச் சொன்னாள். இத்தனை காலம் வாயில் வைக்காமல் இருந்த சொல், கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. மற்ற சொற்களைப் போலத்தான் வந்தது. "கிளம்பிட்டோம்" என்றது ஒரு ஊர். "கிளம்பிட்டோம்" என்றது இன்னொன்று.

உள்ளே போனவர்கள் இரண்டு பேரும் வெளியே வந்து, முகமூடியைக் கழற்றி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கிடங்கின் கூரை பின்பக்கமிருந்து சரிந்தது. சுவர் சுட்ட வீடும் அதற்கடுத்த வீடும் போயின. ஆட்கள் யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் துணி காயப்போட்டிருந்த மாடிக்காரர்தான் கடைசிவரைக்கும் துணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம்.

ஏற்பாட்டின்படி ஒரு வெளியூர் வண்டி வந்து காலிக் கொட்டகையில் நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கி, தொலைபேசி அறையை எட்டிப் பார்த்தார்.

"நீங்கதானா அந்தப் பெரு..." என்று ஆரம்பித்தவர், மேசைமேல் மைக்கைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமாங்க. நான்தான்" என்றாள். "டீ போடவா?"

பத்திரிகைக்காரர் அழைத்தார். "அக்கா, முதல் பக்கம் ஒதுக்கிட்டேன். இது நெசமாவே பெருந்தீதானே?"

"ஆமா."

"எவ்ளோ பெருசுக்கா? ரெண்டு வார்த்தைல சொல்லுங்க, படிக்கறவனுக்கு பக்குன்னு இருக்கணும்."

அவள் யோசித்துச் சொன்னாள். "அங்க போனவங்களுக்குப் பத்தலைன்னு போடுங்க."

"அதெப்படிக்கா தலைப்பு ஆகும்?" என்று அலுத்துக்கொண்டார். மறுநாள் வேறு என்னவோ போட்டிருந்தார்கள்.

கொழுந்தன் மறுநாள் பொழுது சாயும்போதுதான் வீட்டுக்கு வந்தான். புருவம் பொசுங்கியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தான். மேலே, திருப்பத்தில், தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்தாள். முடியவில்லை.

"எப்ப தெரிஞ்சுது தம்பி?"

"வண்டியிலேருந்து இறங்கும்போதே தெரிஞ்சுது." தண்ணீரைக் குடித்தான். "வாய்தான் வரல. இத்தனை நாளா அதை வெச்சு உங்களைக் கிண்டல் பண்ணியே பழகிடுச்சு. நெசமா சொல்லணும்னு வந்தப்போ, நானே கேலிக்கு ஆளாயிட்ட மாதிரி இருந்துச்சு. நீங்க கேட்டீங்க பாருங்க, காலு நனைஞ்சிருக்கான்னு. அப்பத்தான் குனிஞ்சு பாத்தேன். பூட்ஸ் காஞ்சு கிடக்கு."

"அதை எனக்குச் சொன்னது பம்பு பாக்கறவரு."

"எனக்குச் சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கலையே."

அவன் ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தான். எதுவும் வராமல், அண்ணாந்து மேசையைப் பார்த்தான். பிறகு எழுந்து, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினான்.

"அண்ணே!" என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். "கொஞ்சம் வர்றீங்களா? பக்கத்துல இருக்கறவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஒரு மேசை. என்னால முடியல."

நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் மேசையின் காலைப் பிடித்துச் சற்றே சாய்க்கச் சொன்னார். அவ்வளவுதான், அது திரும்பிக்கொண்டு மேலே போய்விட்டது. மேலே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அவர்கள் இறங்கியபோது அவள் கொடுத்த டீ இன்னும் ஆறவில்லை.

தையல்காரர் மட்டும் படிக்கட்டுத் திருப்பத்தில், மேசை இருந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி நின்றார். வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"இங்கதான் நல்லா காத்து வந்துச்சு" என்றார்.